துரோணரின் இலக்கு

வில்லாசான் துரோணர் தம் மாணவன் அர்ச்சுனனுக்கு ஒரு வாக்களித்தார் என்கிறது பாரதக் கதை. அவனுக்கு நிகரான வில்லாளி தம் மாணவருள் வேறொருவனும் இரான் என்பது அந்த வாக்கு. இன்றைய கல்வித் துறையின் மொழியிலே சொன்னால், அது ஓர் இலக்கு. தெளிவான இலக்கு, அளந்து பார்க்கத்தக்க இலக்கு, ஆசான் தாமே வகுத்துக்கொண்ட இலக்கு.

அந்த இலக்கு எய்தப்பட்டதா? எய்தப்பட்டது! எப்படி எய்தப்பட்டது? அர்ச்சுனன் கூடுதலாக ஒரு வித்தை கற்றதாலா? அன்று. காட்டிலே தானே முயன்று கற்ற வேடர் குலத்து இளைஞன் ஏகலைவன் தன் கட்டை விரலை இழந்ததால் எய்தப்பட்டது. அத்தினாபுரத்து அதிகாரி ஒருவர் ஆண்டு முடிவில் ஏட்டைத் திறந்து, "வைத்த இலக்கு என்ன? வந்த விளைவு என்ன?" என்று மட்டும் பார்த்திருப்பாரேயானால், துரோணருக்கு முழு மதிப்பெண் இட்டிருப்பார். அறுபட்ட விரலைக் குறிக்க அந்த ஏட்டிலே இடம் இருந்திராது.

இக்கதையிலே ஒளிந்துள்ள வருண வஞ்சகத்தை நம் மேடைகள் பலமுறை எடுத்துக்காட்டியுள்ளன. நான் எடுத்துக்காட்ட விரும்புவது அதற்கு அடுத்த வீட்டிலே குடியிருக்கும் மற்றோர் உண்மை. இலக்கை எய்தியவன் நல்லாசான் என்று தீர்ப்பளிக்கத் தொடங்கினால், இலக்கு எய்தப்படும். ஆனால் எவன் விரலோ எங்கோ அறுபடும். இது கற்பனை அச்சம் அன்று. நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது.

திட்டம் என்ன?

'மாணவர் கற்றல் இலக்கு' என்பது அமெரிக்க நாட்டிலே வளர்ந்த ஒரு முறை. ஆண்டின் தொடக்கத்திலே ஆசிரியர் தம் மாணவருக்கு ஒரு தேர்வு வைக்கிறார். யார் யார் எந்தப் படியிலே நிற்கின்றனர் என்று குறித்துக்கொள்கிறார். ஆண்டு முடிவிலே இவர்கள் எந்தப் படியை எட்ட வேண்டும் என்று எழுதித் தலைமையாசிரியரிடம் ஒப்புதல் பெறுகிறார். முடிவிலே மறுபடியும் ஒரு தேர்வு. எத்தனை பேர் குறித்த படியை எட்டினர் என்று எண்ணி, அந்த எண்ணைக்கொண்டு ஆசிரியருக்குத் தரம் இடுகின்றனர். பல இடங்களிலே அந்தத் தரம் ஊதியத்தையும் பணி நீடிப்பையும் தொட்டது.

1999-ல் டென்வர் நகரத்திலே இது முன்னோட்டமாக நடத்தப்பட்டது. ஆசிரியர் ஆண்டுக்கு இரண்டு இலக்குகளை வகுத்துக்கொள்ள வேண்டும். எய்தினால் ஊக்கத் தொகை. 2009-ல் ஒபாமா ஆட்சி, மாநிலங்களிடையே போட்டி ஒன்றை அறிவித்து, 435 கோடி டாலரைப் பரிசுப் பணமாக வைத்தது. ஆசிரியரின் மதிப்பீட்டிலே மாணவரின் வளர்ச்சியைச் சேர்க்கும் மாநிலத்திற்குப் போட்டியிலே புள்ளிகள் கூடும். பணம் முன்னே சென்றது. மாநிலங்கள் பின்னே ஓடின.

ஆனால் ஓர் இடர் எழுந்தது. மாநிலப் பொதுத் தேர்வு பெரும்பாலும் சில வகுப்புகளுக்கே, அதிலும் மொழிக்கும் கணக்கிற்குமே உண்டு. ஓவிய ஆசிரியரை எதைக்கொண்டு அளப்பது? இசை ஆசிரியரை? உடற்பயிற்சி ஆசிரியரை? முதல் வகுப்பு ஆசிரியையை? ஆசிரியருள் பெரும்பகுதியினர் இந்த வகையினர். அவர்களை அளப்பதற்குக் கைக்குக் கிடைத்த கோலே இந்தக் கற்றல் இலக்கு. ஆக, பிள்ளையின் தேவையிலிருந்து பிறந்ததை விட, அளப்பவரின் தேவையிலிருந்து பிறந்தது மிகுதி.

நல்லதை நல்லதென்போம்

குறை கூறப் புகுவோர் நிறையை மறைத்தல் நேர்மையன்று. இலக்கு வகுத்தல் என்பது தன்னளவிலே தீங்கன்று. இன்னும் சொல்லப்போனால், இலக்கில்லாக் கற்பித்தல் துடுப்பில்லாப் படகு. 'பாடத்தை முடித்துவிட்டேன்' என்று சொல்லும் ஆசிரியர் நம்மிடையே ஏராளம். 'பிள்ளைகள் கற்றுவிட்டனர்' என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? நாற்பது பிள்ளைகளை முன்னே வைத்துக்கொண்டு, இவர்களுள் எவன் கூட்டல் அறிவான், எவன் எழுத்தைக் கூட்டி வாசிப்பான் என்று அறியாமலே ஆண்டைத் தள்ளுவது தொண்டு அன்று. மாதச் சம்பளத்திற்கு மணி அடிப்பது.

டென்வர் முன்னோட்டத்தை ஆய்ந்தவர்கள், நன்கு சிந்தித்து வகுக்கப்பட்ட இலக்குகளுடைய ஆசிரியரின் மாணவர் கற்றலிலும் மேம்பட்டிருந்ததைக் கண்டனர். வியப்பில்லை. தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக அறிந்து, இவனுக்கு இது, இவளுக்கு அது என்று எண்ணிப் பார்த்த ஆசிரியர் சிறப்பாகவே கற்பிப்பார். அந்தச் சிந்தனைக்கு நாம் பகைவரல்லர்.

வழக்கு இங்கே அன்று. அடுத்த படியிலே இருக்கிறது. கையிலே விளக்காக இருந்ததைக் கழுத்திலே கயிறாக மாட்டுவதிலே இருக்கிறது. வழி காண வகுத்த இலக்கை, ஊதியத்தை அறுக்கும் அரிவாளாக்கும்போது அது விளக்காக இருக்குமா? ஆசிரியர் அதன் ஒளியிலே நடப்பாரா, அதன் கூர்மைக்கு அஞ்சி ஒதுங்குவாரா? இதுவே கேள்வி.

புதிய புட்டியிலே பழைய கள்

புதுமை என்று முழங்கி வரும் இத்திட்டத்திற்கு வயது நூற்றாறுபதுக்கு மேல். அதன் பிறப்பிடம் இங்கிலாந்து. பிறந்த ஆண்டு 1862. ஈன்றெடுத்தவர் ராபர்ட் லோ.

ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அரசு தரும் மானியம் பெருகுகிறது, பயன் என்ன என்ற கேள்வி அந்நாட்டு நாடாளுமன்றத்திலே எழுந்தது. அப்போது கல்விக் குழுவின் பொறுப்பிலே இருந்த லோ, விளைவுக்கேற்ற கூலி என்னும் விதியைக் கொண்டுவந்தார். கணக்கு எளிது. ஒரு பிள்ளையின் வருகைக்கு 4 ஷில்லிங். ஒழுங்காக வந்த பிள்ளை ஆய்வாளர் முன்னே தேர்வு எழுதினால் மேலும் 8 ஷில்லிங். ஆனால் வாசிப்பிலே தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. எழுத்திலே தவறினால் அதே வெட்டு. கணக்கிலே தவறினால் மற்றொரு வெட்டு. பிள்ளையின் நாவு தடுமாறினால் பள்ளியின் பணப்பை மெலியும்! இத்திட்டம் மலிவாக முடியாவிட்டால் பயனுள்ளதாக இருக்கும், பயனற்றதானால் மலிவாகவாவது இருக்கும் என்பது லோ நாடாளுமன்றத்திலே சொன்ன வாதத்தின் சாரம். வணிகர் வாதம், கல்வியாளர் வாதமன்று.

விளைந்தது என்ன? வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிற்கு மட்டுமே விலை என்றதும், விலையில்லாப் பாடங்கள் வீதிக்கு வந்தன. வரலாறும் நிலநூலும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. ஓராண்டு முழுதும் ஒரே வாசகப் புத்தகம் திரும்பத் திரும்ப ஓதப்பட்டது. நூலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிள்ளைகள் தட்டுத்தடங்கலின்றிப் படித்தனர் என்று கதை சொல்வார்கள். கண் படிக்கவில்லை, நா ஒப்பித்தது.

அங்கே ஆய்வாளராக 35 ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றியவர் மாத்யூ ஆர்னால்டு. கவிஞர், திறனாய்வாளர் என்று இலக்கிய உலகம் அறிந்த அதே ஆர்னால்டுதான். அரசிடம் சம்பளம் வாங்கியவர். அரசின் திட்டத்தையே எதிர்த்து 1862-லேயே எழுதியவர். பின்னர் அனுப்பிய அறிக்கைகளிலே ஓர் உண்மையை அவர் உடைத்துச் சொன்னார்: வாசிக்கவும் எழுதவும் கணக்கிடவும் மெய்யாகவே அறியாத பிள்ளையையும், தந்திரமான பயிற்சியாலே, அந்தத் தேர்விலே தேற வைத்துவிட முடியும் என்று. இதைவிடக் கடுமையான கண்டனம் வேறென்ன வேண்டும்? எதை அளக்கிறோம் என்று கோலை நீட்டினார்களோ, அது இல்லாமலே கோல் நிரம்பிக் காட்டியது!

தவற்றை உணர அந்நாட்டிற்கு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. 1890-ல் அதன் முதுகெலும்பு முறிக்கப்பட்டது; 1897-க்குள் எச்சமும் ஒழிந்தது. தலைமை ஆய்வாளராய் இருந்த எட்மண்டு ஹோம்சு, ஓய்வு பெற்றபின் 1911-ல் எழுதிய நூலிலே, அந்த முறை ஆசிரியரின் ஆண்மையையும் மாணவரின் ஆர்வத்தையும் அழித்த வகையை விரித்துரைத்தார். காயம் ஆறினாலும் வடு நீண்ட நாள் நின்றது.

நம் திண்ணைக்கும் வந்தது

ஆண்டான் வீட்டிலே சமைத்தது அடிமை வீட்டிற்கும் அனுப்பப்பட்டது. 1860-களிலே சென்னை மாகாணத்திலும் விளைவுக்கேற்ற மானியம் புகுந்தது. ஊர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியரின் பிழைப்பு, ஆய்வாளர் வந்துபோகும் ஒரு நாளின் கையிலே வைக்கப்பட்டது. 1882-ல் அமைக்கப்பட்ட ஹண்டர் ஆணையமும் தொடக்கக் கல்விக்கான உதவியிலே தேர்வின் விளைவுக்கே முதன்மையளித்தது. கல்லூரிகளுக்கு மட்டும் அந்த முறை வேண்டாம் என்றது. கவனியுங்கள், தோழர்களே! மேல்மாடியிலே இருப்போருக்கு நம்பிக்கை. தரையிலே இருப்போருக்குத் தராசு. அளக்கப்படுவது எப்போதும் ஏழையின் பள்ளியே.

அதே ஆணையத்தின் முன் மராட்டிய மண்ணின் சோதிபா பூலே ஒரு முறையீடு வைத்தார். அவர் கேட்டது என்ன? உழுது பிழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுவரையேனும் கட்டாயக் கல்வி கேட்டார். அந்த உழைக்கும் மக்களிடமிருந்தே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வர வேண்டும் என்றார். அவர்களுக்கு மேலான ஊதியம் வேண்டும் என்றார். ஒருபுறம் 'எத்தனை பேர் தேறினர்?' என்ற கேள்வி. மறுபுறம் 'எத்தனை பேர் உள்ளே வரவே முடியவில்லை?' என்ற கேள்வி. இரண்டிலே எது கல்வியைப் பற்றிய கேள்வி என்று நம் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடலுக்கு அப்பால் கண்ட காட்சி

இங்கிலாந்து விட்டெறிந்ததை அமெரிக்கா எடுத்து அணிந்தது. 2002-ல் சட்டமாகிய, ஒரு குழந்தையும் பின்தங்கலாகாது என்னும் பெயர் கொண்ட திட்டம், பள்ளிகளைத் தேர்வு எண்களாலே தண்டித்தது. 2009-க்குப் பின் தண்டனை தனி ஆசிரியரை நோக்கித் திரும்பியது.

அட்லாண்டா நகரிலே என்ன நடந்தது? மதிப்பெண் ஏறியது, நகரமே மகிழ்ந்தது. 2011-ல் மாநில அரசின் புலனாய்வு வெளிவந்தது. ஆராயப்பட்ட 56 பள்ளிகளிலே 44-ல் மோசடி! தொடர்புடைய கல்வியாளர் 178 பேர். மாணவரின் விடைத்தாளிலே தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்தவர்கள் மாணவர் அல்லர், ஆசிரியரும் தலைமையாசிரியரும்! 2015-ல் பதினொரு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. கொள்ளைக் கூட்டத்தார் மீது பாய்ச்சும் சட்டமே அவர்கள் மீது பாய்ந்தது.

அவர்கள் செய்தது குற்றமே; மறுப்பில்லை. ஏனெனில் பொய்யாகத் தேறியதாகக் காட்டப்பட்ட பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய தனி உதவி கிடைக்காமற் போயிற்று. அப்பிள்ளைகளுள் மிகப் பலர் ஏழைக் கறுப்பினத்தார் பிள்ளைகள். அறுபட்ட விரல் எவருடையது என்று தெரிகிறதா? ஆனால் ஒன்று. நூற்றுக்கணக்கான ஆசிரியர் ஒரே நகரிலே, ஒரே காலத்திலே, தனித்தனியாகத் தீயோர் ஆகிவிட்டனர் என்று நம்புவது பகுத்தறிவாகுமா? மழை பெய்தால் ஒரு தெருவிலே ஒருவர் மட்டுமா நனைவார்? மேலே இருக்கும் முகிலையும் பார்க்க வேண்டாமா?

அமெரிக்க அறிஞர் டொனால்டு காம்பெல் 1970-களிலேயே இதை ஒரு விதியாக வகுத்தார். ஓர் எண்ணைச் சமூக முடிவுகளுக்கு எவ்வளவு மிகுதியாகப் பயன்படுத்துகிறோமோ, அவ்வளவு மிகுதியாக அந்த எண் கெடும். அது கண்காணிக்க வந்த செயலையும் கெடுக்கும் என்பது அவர் கண்டது. வெப்பமானியைத் தீயிலே காட்டினால் பாதரசம் ஏறும், அறை சூடாகாது.

நேர்மையாக நடந்த இடங்களிலாவது அளவுகோல் நேராக இருந்ததா? நியூயார்க் மாநிலத்திலே நான்காம் வகுப்பு ஆசிரியை ஒருவர். ஓராண்டு அவருக்கு மாணவர் வளர்ச்சிக்காக 20-க்கு 14 புள்ளி. அடுத்த ஆண்டு 20-க்கு 1! ஆசிரியை அவரே, பள்ளி அதுவே, அவர் மாணவரோ இரண்டாண்டும் நன்றாகவே தேறியவர்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2016-ல் நீதிபதி, அந்த மதிப்பீடு தான்தோன்றித்தனமானது என்று தள்ளினார். புளோரிடாவிலே இன்னும் விந்தை: தாம் கற்பிக்காத மாணவர்களின் மதிப்பெண்ணால், தாம் கற்பிக்காத பாடத்தின் மதிப்பெண்ணால் ஆசிரியர்கள் தரமிடப்பட்டனர். 2014-ல் வழக்கை விசாரித்த நீதிபதி, இது நேர்மையற்றது என்பதை ஒப்புக்கொண்டார். ஆயினும் சட்டத்திற்கு மாறானதன்று என்றார். பக்கத்து நிலத்து விளைச்சல் குறைந்ததற்கு இந்த நிலத்து உழவனுக்கு அபராதம்!

புள்ளியியலார் என்ன சொல்கின்றனர்? அந்நாட்டுப் புள்ளியியல் கழகம் 2014-ல் வெளியிட்ட அறிக்கை, மாணவரின் மதிப்பெண் வேறுபாட்டிலே ஆசிரியருக்குரிய பங்கு பெரும்பாலான ஆய்வுகளின்படி நூற்றுக்கு 1 முதல் 14 வரை என்று கூறிற்று. எஞ்சிய பெரும்பங்கு வீட்டிலிருந்தும், வறுமையிலிருந்தும், பள்ளியின் ஏற்பாட்டிலிருந்தும், நாம் அறியாத பலவற்றிலிருந்தும் வருவது. ஆசிரியர் முக்கியமல்லர் என்று இதற்குப் பொருள் அன்று. மதிப்பெண்ணைப் பார்த்து ஆசிரியரைப் படிப்பது, நிழலைப் பார்த்து உயரத்தைக் கூறுவது போன்றது என்று பொருள். காலையில் நீளும், நண்பகலில் குறுகும். மனிதன் அதே மனிதன்!

செலவழித்தாவது பயன் கண்டனரா? கேட்ஸ் அறக்கட்டளையின் முயற்சியாலே சில பள்ளி மாவட்டங்களிலே 57 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு ஆசிரியர் மதிப்பீட்டைத் திருத்தி அமைத்தனர். அதை ஆராய்ந்த ராண்டு நிறுவனம் 2018-ல் தந்த முடிவு: மாணவரின் கற்றலிலே, சிறப்பாக ஏழை மாணவரின் கற்றலிலே, எதிர்பார்த்த முன்னேற்றம் இல்லை. 2015 இறுதியிலே வந்த புதிய கல்விச் சட்டமோ, ஆசிரியரை இவ்வாறுதான் மதிப்பிட வேண்டும் என்று மாநிலங்களைக் கட்டாயப்படுத்தும் உரிமையை நடுவண் அரசிடமிருந்து எடுத்துவிட்டது. திட்டத்தின் தொட்டிலாகிய டென்வரிலேயே, 2019 பிப்ரவரியில், ஊக்கத் தொகைகளால் ஊதியம் நிலையற்றுப் போயிற்றென்று ஆசிரியர்கள் மூன்று நாள் வேலை நிறுத்தம் செய்தனர்.

தாமே எழுதும் தீர்ப்பு

"பொதுத் தேர்வைக்கொண்டு அளப்பதற்குத்தானே இத்தனை குறை? கற்றல் இலக்கை ஆசிரியரே அல்லவா வகுக்கிறார்? இதிலே என்ன கொடுமை?" என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி, விடை கூறுவோம்.

இலக்கை வகுப்பவரும் அவரே, அந்த இலக்கால் ஊதியம் பெறுபவரும் அவரே என்றால், இருவகை ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் துணிவுள்ளவர். கடைசி வரிசையிலே கூட்டெழுத்துக்கே தடுமாறும் பத்துப் பிள்ளைகளையும் கதை வாசிக்கச் செய்வேன் என்று எழுதுகிறார். எழுவர் எட்டுகின்றனர், மூவர் எட்டவில்லை. மற்றொருவர் கெட்டிக்காரர். தொடக்கத் தேர்வைக் கடினமாக வைக்கிறார். எல்லாரும் தாழ்ந்து நிற்கின்றனர். இலக்கை எட்டும் தொலைவிலே வைக்கிறார். ஆண்டு முடிவிலே எளிய தேர்வு, எல்லாரும் எட்டிவிடுகின்றனர். ஏடு என்ன சொல்லும்? முன்னவர் குறையுடையவர், பின்னவர் நிறைவுடையவர்! எழுவரைக் கரையேற்றியவருக்குக் கண்டனம். ஒருவரையும் நீந்தவிடாதவருக்குப் பாராட்டு. அடுத்த ஆண்டு முன்னவர் என்ன எழுதுவார்? அவருக்கும் குடும்பம் உண்டு. கனவைச் சுருக்கிக் கணக்கை நேராக்குவார். ஆசிரியரின் துணிவுக்கு வரி விதித்த திட்டம், துணிவைக் கொன்றுவிட்டுத் 'தரம் உயர்ந்தது' என்று கூத்தாடும்.

இன்னொரு கேடு இதைவிடக் கொடிது. 'நூற்றுக்கு எண்பது பேர் எட்ட வேண்டும்' என்று இலக்கு நிற்கும்போது, ஆசிரியரின் கண் யார்மீது விழும்? கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவன்மீது. அவனைச் சற்றுத் தூக்கிவிட்டால் கணக்கிலே ஒன்று கூடும். கோட்டுக்கு மேலே இருப்பவனுக்கு இனி எதுவும் தேவையில்லை. கோட்டுக்கு வெகு கீழே கிடப்பவனோ எவ்வளவு தூக்கினாலும் இந்த ஆண்டு எட்டமாட்டான். ஆகவே அவனை விட்டுவிடு! டெக்சாஸ் பள்ளி ஒன்றிலே இது நடந்த வகையை 2005-ல் ஓர் ஆய்வாளர் எழுதினார். சிகாகோ நகர எண்களை ஆராய்ந்த இருவர் 2010-ல் அதையே கண்டனர்: நடுவிலே நின்றவர் ஏறினர், அடியிலே கிடந்தவர் அடியிலேயே கிடந்தனர்.

அடியிலே கிடப்பவர் யார், தோழர்களே? தலைமுறையிலே முதன்முறையாகப் பள்ளிக்கு வந்தவன். வீட்டிலே புத்தகம் இல்லாதவள். விதைப்பு நாளிலும் அறுவடை நாளிலும் வராமற்போகிறவன். கடைசி வரிசையிலே, சுவரோடு சுவராய். நாம் இத்தனை காலம் எவனுக்காகப் பள்ளிக் கதவைத் தட்டினோமோ, அவன். கதவைத் திறந்து உள்ளே விட்டாகிவிட்டது. இனி எண்ணின் பெயராலே அவனை உள்ளேயே மறந்துவிடலாம் என்பதா?

அப்படியானால் கணக்கே கேட்கலாகாதா?

"ஆசிரியரைக் கேள்வி கேட்கவே கூடாது என்கிறீரா?" என்று நம்மை மடக்க நினைப்போர்க்கு ஒரு சொல். கேட்கலாம், கேட்க வேண்டும். 'குருவைக் கேள்வி கேளாதே' என்பது மடங்களின் மொழி. நம் மொழி அன்று. மக்கள் வரிப்பணத்திலே ஊதியம் பெறும் எவரும் மக்கள் கேள்விக்கு அப்பாற்பட்டவர் அல்லர். வகுப்புக்கு வராத ஆசிரியர், வந்தும் கற்பிக்காத ஆசிரியர், சாதி பார்த்துப் பிள்ளையை ஒதுக்கும் ஆசிரியர் ஆகியோரைக் காக்க நான் பேனா எடுக்கவில்லை. ஆனால் ஒன்று: இந்த மூவரையும் கற்றல் இலக்கு கண்டுபிடிக்காது. வகுப்பறைக்குள்ளே சென்று கண்ணாலே பார்ப்பவர்தான் கண்டுபிடிப்பார். பார்க்கச் செல்லும் உழைப்பை மிச்சம் பிடிக்கவே எண்ணைத் தேடுகிறது அலுவலகம்.

பார்ப்பதற்கு வழிகள் இல்லாமலில்லை. ஒகையோ மாநிலத்து டொலீடோ நகரிலே 1981 முதல், தேர்ந்த ஆசிரியர்களே புதிய ஆசிரியர்களின் வகுப்பிலே அமர்ந்து பார்த்து, குறை சொல்லி, திருத்தத் துணை நின்று, திருந்தாதவரைப் பணி நீடிக்க வேண்டாம் என்று பரிந்துரைக்கவும் செய்யும் முறை தோன்றியது. ஆசிரியர் சங்கமே அதிலே பங்கேற்றது. பின்லாந்து நாடு 1990-களின் தொடக்கத்திலே பள்ளி ஆய்வாளர் படையையே கலைத்தது. கண்ணை மூடிக்கொண்டா கலைத்தது? இல்லை. 1970-களின் இறுதி முதல் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் படிப்பு வேண்டும் என்று விதித்து, வாயிலிலே வடிகட்டிவிட்டு, உள்ளே நம்பிக்கை வைத்தது. வாயிலிலே வடிகட்டாமல் உள்ளே விட்டுவிட்டு, பின் நாள்தோறும் தராசிலே நிறுத்துவதா அறிவுடைமை?

இலக்கும் இருக்கட்டும். ஆசிரியர் வகுத்துக்கொள்ளட்டும், சக ஆசிரியரோடு அமர்ந்து எட்டினோமா என்று பார்க்கட்டும், எட்டாதபோது ஏன் என்று அச்சமின்றிப் பேசட்டும். அப்பேச்சு ஊதியத்தைத் தொடாதவரை உண்மையாக இருக்கும். தொட்ட மறுகணமே அது வாக்குமூலமாகிவிடும். தன்னைத் தானே காட்டிக்கொடுக்க எவர் முன்வருவார்?

இன்னொன்றும் வேண்டும். இலக்கு என்பது ஒரு கரைக்கு மட்டும் உரிய தளையாக இருத்தலாகாது. ஆசிரியருக்கு இலக்கு வைக்கும் ஆட்சியே, உனக்கும் நாங்கள் இலக்கு வைக்கிறோம்! ஒரு வகுப்பிலே எத்தனை பிள்ளைகள்? பள்ளி திறந்து எத்தனை நாளில் புத்தகம் வரும்? காலிப் பணியிடம் எத்தனை நாளில் நிரம்பும்? கற்பிக்கும் நேரத்திலே எத்தனை மணி படிவம் நிரப்பப் போகிறது? பெண் பிள்ளைக்குக் கழிப்பறை உண்டா? இவற்றிற்கும் ஆண்டுத் தொடக்கத்திலே ஓர் ஏடு, ஆண்டு முடிவிலே ஒரு மதிப்பெண். எட்டாவிட்டால் எவர் ஊதியத்திலே வெட்டு?

விளைவைக் கேட்டு மானியம் அளந்த இதே சென்னையிலே, நீதிக்கட்சிக் காலத்தில், 1920-ல், மாநகராட்சித் தலைவர் தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு வழங்க ஏற்பாடு செய்தார். பிள்ளைகள் ஏன் வரவில்லை, வந்தும் ஏன் நிற்கவில்லை என்று எண்ணிப் பார்த்தவர் கண்ட விடை அது. ஆசிரியரின் சம்பளத்தை வெட்டினால் பிள்ளையின் பசி தீர்ந்துவிடும் என்று அவர் நம்பவில்லை. நோயின் வேரை நாடியவருக்கும், நோயாளியின் கைச்சீட்டைத் திருத்துபவருக்கும் உள்ள வேறுபாடு அது.

செய்யத்தக்கது

இளைஞர்களே! அளவு, எண், விளைவு, திறன் என்னும் சொற்கள் அறிவியலின் ஆடை அணிந்து வருகின்றன. பகுத்தறிவாளர் ஆதலால் எண்ணுக்கு நாம் எளிதில் தலை வணங்குவோம் என்று எண்ணுகின்றனர். எண்ணை மதிப்பது பகுத்தறிவு. எண்ணைத் தொழுவது புதிய சிலை வணக்கம். 'கல்லிலே கடவுள் இருக்கிறாரா?' என்று கேட்டவர்கள், 'இந்த எண்ணிலே கல்வி இருக்கிறதா?' என்றும் கேட்க வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைச் சொல்லி எவரேனும் மார்தட்டினால், கை தட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். தேர்வு எழுதாமல் நின்றுவிட்டவர் எத்தனை பேர்? எண்ணைக் காப்பதற்காக வேறு பள்ளிக்கு அனுப்பப்பட்டவர் உண்டா? கடைசி வரிசைப் பிள்ளை சென்ற ஆண்டு எங்கே இருந்தான், இந்த ஆண்டு எங்கே இருக்கிறான்? ஆசிரியர் சங்கத் தோழர்களும் தம் கோரிக்கைப் பட்டியலிலே ஊதியத்திற்கு அடுத்த வரியாக அந்தப் பிள்ளையின் பெயரை எழுதட்டும். அவனுக்காகப் பேசும் சங்கத்தைக் கேள்விக்கு அஞ்சும் சங்கம் என்று எவரும் ஏசிவிட முடியாது.

அளக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அளப்பவர் கோலை மட்டும் பார்க்காமல், கைகளையும் எண்ணிப் பார்க்கட்டும். எல்லாக் கைகளிலும் ஐந்து விரல் இருக்கின்றனவா என்று பார்த்தபின் மதிப்பெண் இடட்டும்.